அலுவலகத்தில் கிராக் மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலும் திருப்பூரிலும் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய ஆரம்பித்து 18 வருடம் ஆகிறது. முதல் சில வருடங்கள் என் பையிலும் கிராக் மென்பொருள், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்துக் காசு கட்டாமல் ஓட வைத்த மென்பொருள், நிறைந்த பெண்டிரைவ் ஒன்று இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தேன். அதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. ஓனர்கள், கணக்கு எழுதுபவர்கள், டிசைனர்கள், என்னைப் போன்ற சர்வீஸ்காரர்கள் என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. மென்பொருள் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்தாமல் ஒரு வக்கீலையும் பாருங்கள்.

எங்கள் ஆபீசில் இருப்பது ஒரிஜினலா, கிராக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பில்லைத் தேடுங்கள். கம்ப்யூட்டர் வாங்கிய பில்லில் விண்டோஸ் தனி வரியாக இருக்கிறதா? மைக்ரோசாப்ட் ஆபீஸ், கணக்கு எழுதும் டேலி, போட்டோஷாப் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி எண்ணோடு பில் இருக்கிறதா? இல்லை என்றால் பெரும்பாலும் பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் மெஷினைப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம் ‘ஆக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். கிராக் போட்டாலும் அப்படித்தான் காட்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் உள் சர்வர் மூலம் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒன்றாக ஆக்டிவேட் செய்ய மைக்ரோசாப்ட் ‘கேஎம்எஸ்’ என்று ஒரு முறை வைத்திருக்கிறது. அந்த ஆக்டிவேஷன் 180 நாள்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் புழங்கும் கிராக்குகளில் பல இதைப் போலி சர்வர் வைத்து ஏமாற்றுபவை. மூன்றே கம்ப்யூட்டர் உள்ள ஆபீசில் ‘நிறுவன சர்வர் மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது’ என்று வந்தால், அந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று சர்வீஸ்காரரைக் கேளுங்கள்.

இன்னொரு அடையாளம் உண்டு. மென்பொருளைப் போடும்போது ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க, நெட்டைத் துண்டிங்க’ என்று சொல்லியிருந்தால் அது கிராக்.

எல்லாரும்தானே இப்படிச் செய்கிறார்கள்?

நிறையப் பேர் செய்கிறார்கள். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 2017-ல் இந்தியக் கம்ப்யூட்டர்களில் போடப்பட்ட மென்பொருள்களில் 56 சதவீதம் லைசென்ஸ் இல்லாதவை என்று இருந்தது. 2015-ல் அது 58 சதவீதம். விற்பவர்கள் எடுத்த கணக்கு என்பதை மனதில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் நான் போய்வந்த ஆபீஸ்களை நினைத்துப் பார்த்தால் அந்த எண் மிகையாகத் தெரியவில்லை. ஆனால் நோட்டீஸ் வரும் நாளில் பக்கத்துக் கடைக்காரர் என்ன போட்டிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆன்லைனில் சில நூறு ரூபாய் கொடுத்து கீ (ஆக்டிவேட் செய்யும் எண்) வாங்கினேன். காசு கொடுத்தது லைசென்ஸ் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. அந்தக் கீகள் பழைய கம்ப்யூட்டர்களோடு வந்தவையாகவோ, ஏதோ ஒரு கல்லூரிக்கோ கம்பெனிக்கோ மொத்தமாகக் கொடுக்கப்பட்டதிலிருந்து வெளியே வந்தவையாகவோ இருக்கும். ஒரு பிராண்டட் கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் பொதுவாக அந்த மெஷினுக்கு மட்டும்தான். மெஷின் செத்தால் லைசென்ஸும் அதோடு போகும். கீ வேலை செய்வதும் உரிமை இருப்பதும் வேறு வேறு விஷயம். எண் எழுதிய வெறும் மின்னஞ்சலைக் காட்டி எந்தத் தணிக்கையிலும் தப்பிக்க முடியாது.

மாணவர் பதிப்பும் இப்படித்தான். காலேஜில் படிக்கும் மகன் பெயரில் ஆட்டோகேட் மாணவர் பதிப்பை இறக்கி, அதில் வீட்டு பிளான் வரைந்து கட்டணம் வாங்குகிற அலுவலகங்கள் எனக்குத் தெரியும். பழைய பதிப்புகளில், மாணவர் பதிப்பில் வரைந்தது என்ற முத்திரை பிரின்ட் எடுக்கும்போது தாளின் நான்கு ஓரங்களிலும் விழும். அந்த வரைபடத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து வேறொரு வரைபடத்தில் ஒட்டினால் முத்திரையும் கூடவே தொற்றிக்கொண்டு போகும். காசு கொடுத்து ஒரிஜினல் வைத்திருந்த இன்ஜினியரின் தாளிலும் அது விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான் இதற்கும். கம்ப்யூட்டர் புரோகிராமை அது இலக்கியப் படைப்பின் கணக்கில் வைக்கிறது. நமக்கு முக்கியமானது 63பி பிரிவு. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை, அதோடு 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை வேண்டாம் என்று தக்க காரணம் எழுதி நீதிமன்றம் விடலாம். அலுவலகம் என்றாலே தொழில்தான் என்பதால் அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது.

63-ஆம் பிரிவு பதிப்புரிமையை மீறுவதையும் அதற்குத் துணைபோவதையும் தண்டிக்கிறது. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. 64-ஆம் பிரிவின்படி சப்-இன்ஸ்பெக்டர் அளவிலான அதிகாரியே வாரண்ட் இல்லாமல் திருட்டு நகல்களைப் பறிமுதல் செய்யலாம். ஹார்ட் டிஸ்க் போனால் அதோடு உங்கள் கணக்கும் டிசைனும் வாடிக்கையாளர் கோப்புகளும் போகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நடைமுறையில் சிறையைவிட அதிகம் நடப்பது சிவில் வழக்கு. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இது நிறைய நடக்கிறது. நீதிமன்றம் நியமித்த ஆணையர் முன்னறிவிப்பு இல்லாமல் அலுவலகத்துக்கு வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுப்பார். 2005-ல் மைக்ரோசாப்ட் தொடுத்த ஒரு வழக்கில், கம்ப்யூட்டர்களில் கிராக் மென்பொருளை ஏற்றி விற்றவர் சுமார் 19.75 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது.

நான் வெறும் ஊழியர். ஓனர் போட்டுக் கொடுத்ததில் வேலை செய்கிறேன். எனக்கும் சிக்கல் வருமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன்.

63பி ‘தெரிந்தே பயன்படுத்தும் எவரும்’ என்கிறது. ஓனர் என்றோ ஊழியர் என்றோ பிரிக்கவில்லை. குற்றம் செய்தது ஒரு கம்பெனி என்றால் 69-ஆம் பிரிவின்படி, அந்த நேரத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்கள் மேலும் வழக்கு வரும். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முழு முயற்சி எடுத்தேன் என்று நிரூபித்தால் அவர்கள் தப்பலாம். மென்பொருள் நிறுவனங்கள் வழக்கமாகத் துரத்துவது கம்பெனியைத்தான், 15,000 சம்பளத்துக்கு இருக்கும் டிசைனரை இல்லை. இருந்தாலும் ‘ஐடி பார்த்துக்கொள்வது இவர்தான்’ என்று விரல் நீளும்போது, அது பெரும்பாலும் ஆபீசிலேயே சின்னவர் மேல்தான் விழுகிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நோட்டீஸ் வந்தபோது, எட்டு மாதம் முன்னால் சேர்ந்த பையன் ஒருவனிடம், எல்லாவற்றையும் இறக்கியது தான்தான் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அவன் வேலையில் இல்லை.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் கையால் கிராக் இறக்காதீர்கள், உங்கள் சொந்த மின்னஞ்சலில் எதையும் பதிவு செய்யாதீர்கள். ‘இந்த மெஷினில் உள்ள இன்ன மென்பொருளுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று தெரியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் சார்’ என்று மரியாதையாக ஒரு மெயில் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது, மெயில் நிற்கும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை வைத்திருங்கள்.

நான் சர்வீஸ் இன்ஜினியர். வாடிக்கையாளர்தான் கிராக் போடச் சொல்கிறார். மறுத்தால் வேறொருவர் போட்டுவிடுவார். என்ன செய்வது?

போடாதீர்கள். துணைபோவதும் குற்றம் என்று மேலே சொன்னேன். அதோடு, பூட்டை உடைப்பதற்கென்றே 65ஏ என்ற பிரிவை 2012-ல் சேர்த்தார்கள். பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்பு ஏற்பாட்டைத் தகர்த்தால் 2 வருடம் வரை சிறை உண்டு. 300 ரூபாய் சர்வீஸ் சார்ஜுக்காக இந்த ஆபத்தை நீங்கள் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

நான் நிறுத்தியபோது வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று பயந்தேன். கொஞ்சம் பேர் போனார்கள். மீதிப் பேரிடம் ‘கிராக் போட மாட்டேன், ஆனால் செலவில்லாத மாற்று போட்டு ஒரு வாரம் கூட இருந்து பழக்கித் தருகிறேன்’ என்றேன். அந்தக் கூட இருந்த ஒரு வாரம்தான் அவர்களைத் தக்கவைத்தது.

மென்பொருள் கம்பெனிக்கு எப்படித் தெரிய வரும்?

பல வழிகள். வேலையை விட்டுப்போன ஊழியர் சொல்வது ஒன்று, தகவல் தருபவர்களுக்கு வெகுமதியே அறிவித்திருக்கிறார்கள். பொறியியல், டிசைன் மென்பொருள்கள் பலவற்றில், உடைக்கப்பட்ட நகல் இணையத்தோடு சேரும்போது மெஷினின் அடையாளத்தையும் நெட்வொர்க் பெயரையும் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பிவிடும் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் அனுப்பும் கோப்பின் உள்ளேயும் எந்தப் பதிப்பில் செய்தது என்ற விவரம் பதிந்திருக்கும்.

நோட்டீஸ் வந்துவிட்டது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

வேண்டாம். சாட்சியத்தை அழித்ததாகிவிடும். எப்போது எது நீக்கப்பட்டது என்பதும் மெஷினில் தெரியும். அனுப்பியவர் உண்மையிலேயே அந்த நிறுவனத்தின் வக்கீல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள், போலி மிரட்டலும் உண்டு. எந்தெந்த மெஷினில் என்ன இருக்கிறது, எதற்குப் பில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து வக்கீலிடம் போங்கள். இன்று லைசென்ஸ் வாங்குவது நேற்றைய மீறலை அழிக்காது. ஆனாலும் சமரசப் பேச்சில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

கிராக்கில் வைரஸ் இருக்கும் என்பது பயமுறுத்தலா, உண்மையா?

உண்மை. ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியு’ என்று சொல்லப்படும் ரேன்சம்வேர் முக்கியமாகப் பரவியதே கிராக் கோப்புகள் மூலம்தான். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். விண்டோஸை ஆக்டிவேட் செய்யப் பலரும் தேடும் ‘கேஎம்எஸ்பிகோ’வோடு, பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல் சேர்ந்து வந்ததை 2021-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். யோசித்தால் இதில் அதிசயமே இல்லை. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, யாரென்றே தெரியாதவர் எழுதிய நிரலுக்கு முழு அதிகாரமும் கொடுத்து ஓட விடுகிறோம்.

இன்னொரு சிக்கல் அப்டேட். கிராக் போய்விடுமே என்று அப்டேட்டை நிறுத்தி வைப்பார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில், மார்ச் கடைசி வாரத்தில் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுக் கிடந்தன. அறுபது வாடிக்கையாளர்களின் கணக்கு. அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் தினமும் மாலை பெண்டிரைவில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் வைத்திருந்ததால் முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது.

நாங்கள் திருப்பூரில் ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டுப் பையர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. திருட்டு மென்பொருளால் செலவைக் குறைத்துப் பொருளை மலிவாக விற்பது நியாயமற்ற போட்டி என்பது அமெரிக்க மாநிலங்கள் சில எடுத்த நிலை. வாஷிங்டன் மாநிலம் 2011-ல் இதற்கென்றே சட்டம் போட்டது. 2012-ல் மாசசூசெட்ஸ், தாய்லாந்தின் ஒரு கடல் உணவு நிறுவனத்திடம் 10,000 டாலர் வசூலித்தது. 2013 ஜனவரியில் கலிபோர்னியா அரசு இரண்டு ஆடைத் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. ஒன்று சீனாவில், இன்னொன்று இந்தியாவில். அந்த மாநிலத்தில் ஒரு கம்ப்யூட்டர்கூட வைத்திருக்காவிட்டாலும், அங்கே ஆடை விற்கிறார்கள் என்பதே வழக்குப் போடப் போதுமானதாக இருந்தது. பேட்டர்ன் போடுவதும் மார்க்கர் (துணியை வெட்டுவதற்கான அடுக்கு வரைபடம்) போடுவதும் எந்த மென்பொருளில் என்று ஒருமுறை பாருங்கள். பனியன் கம்பெனிகளில் விலை அதிகமான மென்பொருள் அங்கேதான் இருக்கிறது, கிராக்கும் அங்கேதான் இருக்கிறது.

டேலி கிராக்தான் வைத்திருக்கிறோம். லைசென்ஸ் வாங்கினால் பழைய டேட்டா போய்விடுமா?

போகாது. அதே கணக்கை லைசென்ஸ் உள்ள டேலியில் திறக்கலாம், ரொம்பப் பழைய பதிப்பு என்றால் மைக்ரேட் செய்ய வேண்டியிருக்கும். முதலில் இரண்டு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தை அணைக்க முடியாதபடி பதிவு செய்யும் மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும். அது இருக்கிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். பழைய கிராக் டேலியில் அது கிடையாது. சின்னக் கடைக்கு இந்த விதி பொருந்தாது.

கற்றுக்கொள்ள மட்டும் என்றால் டேலியின் எஜுகேஷனல் மோடு போதும். மாதத்தில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி போட முடியும், ஆனால் கற்க அது தடையில்லை.

டிடிபி சென்டர் நடத்துகிறேன். பேஜ்மேக்கரும் தமிழ் எழுத்துருக்களும் இல்லாமல் எப்படி?

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-ல் வந்தது. அடோபி அதை மேம்படுத்துவதை நிறுத்தி 20 வருடத்துக்கு மேலாகிறது. விற்பதை நிறுத்தியதால் அது இலவசமாகிவிடவில்லை, உரிமை இன்னும் அவர்களிடம்தான்.

என் மனதை உறுத்துவது எழுத்துரு விஷயம். தமிழ் எழுத்துருக்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் நம் ஊரிலோ புலம்பெயர்ந்தோ இருந்த தனி ஆட்கள், சின்னக் குழுக்கள். ஒவ்வொரு வளைவையும் வரைந்து சரிபார்க்க மாதக்கணக்கில் ஆகும். டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் சின்னக் கருவி) வைத்துப் பூட்டியும் பார்த்தார்கள், அதையும் உடைத்து சிடியில் போட்டு முப்பது ரூபாய்க்கு விற்றோம். பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கு நஷ்டமில்லை என்று சமாதானம் சொல்பவர்கள்கூட இங்கே அதைச் சொல்ல முடியாது. பல நல்ல எழுத்துருக் குடும்பங்கள் தடித்த வடிவமோ சாய்ந்த வடிவமோ வராமலே நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது வழி இருக்கிறது. நோட்டோ, லோகித், மீரா இனிமை, கேடமரன், முக்த மலர் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். அச்சுக்கும் பயன்படுத்தலாம். தமிழக அரசு 2010-ல் யூனிகோடையும், தமிழுக்கென்றே செய்த எழுத்துக் குறியீடான டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. பக்க வடிவமைப்புக்கு இலவசமான ஸ்கிரைபஸ் இருக்கிறது. 1.6 பதிப்பில் தமிழ் உடையாமல் வருகிறது, அச்சுக்கான நான்கு வண்ணப் பிரிப்பும் செய்யும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, ஸ்ரீலிபி எழுத்துருக்களில் உள்ள பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் மாற்றியதும் ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

இலவச மென்பொருளை நம்பி ஆபீஸ் நடத்த முடியுமா?

கடிதம், விரிதாள், சின்னக் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். கேரள அரசுப் பள்ளிகள் பல வருடமாகக் கட்டற்ற மென்பொருளில்தான் இயங்குகின்றன. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் தமிழக அரசு கொடுத்த மாணவர் மடிக்கணினிகளிலும் வந்தது. படம் வரைய இங்க்ஸ்கேப், கிரிட்டா இருக்கின்றன.

எல்லா இடத்திலும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சகத்துக்கு வண்ணம் பிரித்துக் கொடுக்கும் வேலையில் ஜிம்ப் இன்னும் போட்டோஷாப்புக்கு ஈடில்லை. கட்டட வரைபடத்தைத் தினமும் வாடிக்கையாளரோடு மாற்றிக்கொள்பவருக்கு லிப்ரேகேட் கஷ்டம்தான். அங்கே ஆட்டோகேடைவிட விலை குறைந்த பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றைப் பாருங்கள்.

லைசென்ஸ் உள்ள மென்பொருளை ஒரு காப்பி எடுத்து வைப்பது தப்பா?

இல்லை. சட்டப்படி வாங்கியவர் தொலையாமல், கெடாமல் இருக்கத் தற்காலிகமாக ஒரு காப்பி வைத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதைப் பக்கத்து மெஷினில் போட்டால்தான் தப்பு.

ஒரே நாளில் எல்லாம் வாங்கப் பணம் இல்லை. எங்கே தொடங்குவது? ஓனரிடம் எப்படிப் பேசுவது?

ஒரு தாள் போதும். இடது பக்கம் கம்ப்யூட்டர்கள், மேலே மென்பொருள்கள், கட்டத்துக்குள் ‘பில் உண்டு’, ‘இல்லை’, ‘தேவையே இல்லை’. கடைசி வகைதான் ஆச்சரியப்படுத்தும். பத்து மெஷினில் போட்டோஷாப் இருக்கும், தொடுபவர் ஒருவராக இருப்பார். ஒன்பதிலிருந்து எடுத்துவிட்டால் செலவு பத்தில் ஒன்றாகிவிடும். அடுத்து, லிப்ரே ஆபீஸ் போதும் என்கிற மெஷின்களை மாற்றுங்கள். மிஞ்சுவதை மாதம் ஒன்றாகவோ, ஒரு வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும் சந்தாவாகவோ வாங்கலாம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு, மென்பொருளுக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்கவும் வழி உண்டு, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பேச்சை எடுக்க நல்ல நேரம், புது கம்ப்யூட்டர் வாங்கும் நாள். ‘நம்ம ஆபீசில் எல்லாம் திருட்டு’ என்று ஆரம்பித்தால் ஓனர் காதை மூடிக்கொள்வார். அந்தத் தாளை மேஜையில் வைத்து, ‘சார், இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் விண்டோஸோடு சேர்த்து பில் போடச் சொல்லலாமா?’ என்று கேளுங்கள். போன வருடம் ஒரு அச்சகத்தில் அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது ஏழு மெஷினில் ஐந்துக்குப் பில் இருக்கிறது.